தேரிக்காட்டு அனல் – 12: விடிலி அடுப்பும் கல்லாமொழிக் கொதிகலனும்

சென்ற இதழில் குலசேகரன்பட்டினத்துச் சர்க்கரை ஆலையோடு நிறுத்தியிருந்தோம். பனங்கருப்பட்டியிலிருந்து வெள்ளைச் சர்க்கரை எடுத்த ஆலை அது. அதன் தேவைக்காகத் திருச்செந்தூரிலிருந்து உடன்குடி வழியாகத் திசையன்விளை வரை ஒரு சிறு ரயில் ஓடியது. 1940இல் அதுவும் நின்றது. ஆலை போயிற்று, ரயில் போயிற்று, கருப்பட்டி மட்டும் போகவில்லை. தென்மாவட்டத்துச் சந்தை எதிலும் 'உடன்குடிக் கருப்பட்டி' என்று கேட்டுப் பாருங்கள், கடைக்காரர் விலையைக் கொஞ்சம் கூட்டித்தான் சொல்வார். அந்தப் பெயருக்கு இப்போது புவிசார் குறியீடும் கிடைத்திருக்கிறது.

ரயில் நின்ற காலத்தில் தொடங்கி 2023 டிசம்பர் வரை இந்த இதழில் வந்துவிடலாம். தாமிரபரணிச் சீமை நெருப்பை வேறு விதமாக மூட்டக் கற்றுக்கொண்டது இந்த எண்பது ஆண்டுகளில்தான். உலகம் சூடாகிக்கொண்டிருக்கிறது என்று பொதுவாகப் பேசுவது எளிது. அந்தச் சூடு எங்கிருந்து வருகிறது, எங்கே வந்து விழுகிறது என்ற இரண்டையும் ஒரே ஊரில் நின்று பார்க்க முடியுமானால் அந்த ஊர் உடன்குடி. அதனால்தான் இந்தத் தொடரில் இந்த அத்தியாயத்துக்கு மற்றவற்றைவிட அதிக இடம் கொடுக்கிறேன்.

முதலில் பழைய நெருப்பு.

மாசி, பங்குனியில் பாளை சீவத் தொடங்கினால் ஆடி வரை பதநீர் இறங்கும். பனையேறி ஒருவர் முப்பது, நாற்பது மரங்களைக் காலையும் மாலையும் ஏறி இறங்குவார். கலயத்தின் உட்புறம் சுண்ணாம்பு தடவியிருப்பதால் பதநீர் புளிக்காது. இறக்கிய பதநீர் விடிலிக்கு வரும். விடிலி என்பது பனையோலை வேய்ந்த தாழ்வான குடிசை. நடுவில் மண் அடுப்பு, அதன்மேல் அகலமான சட்டி. காய்ச்சுவது பெரும்பாலும் வீட்டுப் பெண்கள்தான். பதநீர் பொங்கி வழியப் பார்க்கும்போது ஆமணக்கு விதையைத் தட்டிப் போடுவார்கள்; நுரை அடங்கும். மணிக்கணக்கில் காய்ந்து, பொன்னிறமாகி, கூப்பனியாக இறுகும் பக்குவத்தில் சிரட்டைகளில் ஊற்றி ஆறவைப்பார்கள். எட்டு, பத்து லிட்டர் பதநீர் சுண்டினால்தான் ஒரு கிலோ கருப்பட்டி. மீதி முழுக்க ஆவியாகப் போக வேண்டிய தண்ணீர். அதைப் போக்க நெருப்பு வேண்டும்.

அந்த நெருப்புக்கு என்ன எரித்தார்கள் என்பதுதான் நமக்கு முக்கியம். காய்ந்த மட்டை, பன்னாடை, சில்லாட்டை, தேரி எனப்படும் செம்மணல் மேட்டின் ஓரத்து உடைமுள். அத்தனையும் அந்த வட்டாரத்து மண்ணில் சில ஆண்டுகளுக்குள் முளைத்து வளர்ந்தவை. மட்டை எரியும்போது வெளியாகும் கரியமில வாயு, அந்த மட்டை வளர்ந்தபோது காற்றிலிருந்து எடுத்துக்கொண்ட அதே வாயுதான். அடுத்த குருத்து அதை மறுபடி எடுத்துக்கொள்ளும். காற்றின் கணக்கில் வரவும் செலவும் ஒரு தலைமுறைக்குள் நேராகிவிடும்.

விடிலி நெருப்பு தீங்கே இல்லாதது என்று சொல்ல வரவில்லை. ஓலைக் குடிசைக்குள் புகையில் உட்கார்ந்து காய்ச்சிய பெண்களின் கண்ணும் நுரையீரலும் அதற்கு விலை கொடுத்திருக்கின்றன. விறகுப் புகையில் இருக்கும் கரித்துகள் வெயிலை உறிஞ்சிக் காற்றையும் சூடாக்கும். இதை உலகத்துக்கு விளக்கியவர்களில் முக்கியமானவர் வீரபத்ரன் ராமநாதன் என்ற தமிழர். 1999இல் இந்தியப் பெருங்கடலின்மேல் நடந்த பெரிய ஆய்வுக்குத் தலைமை தாங்கிய விஞ்ஞானிகளில் அவரும் ஒருவர். தெற்காசியாவின் மேல் பழுப்பு மேகம்போல் கவிந்திருக்கும் புகைப்படலத்தை அந்த ஆய்வு அளந்து காட்டியது. அதற்கும் முன்பே, 1975இல், குளிர்பதனப் பெட்டிகளில் பயன்பட்ட வாயுக்கள் கரியமில வாயுவைவிடப் பல ஆயிரம் மடங்கு வெப்பத்தைப் பிடித்துவைக்கும் என்று கண்டறிந்தவரும் அவரே. ஆனால் கரித்துகள் சில நாட்களில், மிஞ்சினால் சில வாரங்களில், மழையோடு இறங்கிவிடும். புகையில்லா அடுப்பும் சமையல் எரிவாயுவும் வந்தால் அந்தத் தீங்கு நம் கண் முன்னாலேயே குறையும். அடுத்து வந்த நெருப்பு அப்படிப்பட்டது அல்ல.

தாமிரபரணிக்கு முதல் மின்சாரம் தண்ணீரிலிருந்து வந்தது. மலையடிவாரத்தில் விக்கிரமசிங்கபுரத்து ஹார்வி ஆலை பாபநாசம் அருவியின் வேகத்தைக் கொண்டே இயந்திரங்களை ஓட்டிப் பழகியிருந்தது. 1944இல் பாபநாசம் நீர்மின் நிலையம் இயங்கத் தொடங்கியது. நிலக்கரி அதற்கு முன்பே கடல் வழியாகத் தூத்துக்குடிக்கு வந்துவிட்டது. 1906இல் வ.உ. சிதம்பரம் பிள்ளை சுதேசிக் கப்பல் கம்பெனி தொடங்கியபோது அவர் ஓட்டியவையும் நீராவிக் கப்பல்களே. ஆனால் நிலக்கரி இந்த மாவட்டத்து வாழ்க்கையின் அடித்தளமாக மாறியது 1979இல், தூத்துக்குடி அனல்மின் நிலையத்தின் முதல் அலகு ஓடியபோது. ஐந்து அலகுகள், ஒவ்வொன்றும் 210 மெகாவாட். ஒடிசாச் சுரங்கங்களின் நிலக்கரி பாரதீப்பில் கப்பலேறித் தூத்துக்குடியில் இறங்கியது. கிராமத்துக் கிணறுகளில் பம்புசெட்டுகள் ஓடின, வீடுகளில் விளக்கெரிந்தது. அந்த வெளிச்சம் யாருக்கும் வேண்டாததாக இருக்கவில்லை. அதை மறந்துவிட்டு இந்த வரலாற்றை எழுதினால் நேர்மையாக இருக்காது.

நிலக்கரிக்கும் பனைமட்டைக்கும் உள்ள வேறுபாடு வயதுதான். இந்திய நிலக்கரியில் பெரும்பகுதி இருபத்தைந்து கோடி ஆண்டுகளுக்கு மேற்பட்ட காடுகளின் எச்சம். அந்தக் காடுகள் உறிஞ்சிய கரியமில வாயு பாறைக்கடியில் அடைபட்டுக் கிடந்தது. காற்றின் கணக்கிலிருந்து என்றோ கழிக்கப்பட்டது. அதை எரிக்கும்போது திரும்ப எடுத்துக்கொள்ள எந்தக் குருத்தும் காத்திருக்கவில்லை. வெளியேறுவதில் கிட்டத்தட்டப் பாதி மரங்களாலும் கடலாலும் உறிஞ்சப்படுகிறது. மீதி காற்றிலேயே தங்குகிறது. அதில் ஒரு பங்கு ஆயிரம் ஆண்டுகள் கடந்தும் இருக்கும்.

இது ஊகம் இல்லை என்பதற்கு ஒரு சாட்சி உண்டு. உயிருள்ள மரத்தில் கதிரியக்கக் கார்பன்–14 சிறிதளவு இருக்கும். நிலக்கரியில் அது சிதைந்து தீர்ந்து கோடிக்கணக்கான ஆண்டுகள் ஆகிவிட்டன. 1955இல் ஹான்ஸ் சூஸ் என்ற வேதியியலாளர் மரவளையங்களை ஆராய்ந்து, அண்மைக் காலத்து வளையங்களில் அந்தக் கார்பன் நீர்த்துப் போயிருப்பதைக் காட்டினார். காற்றில் கூடியிருப்பது காட்டுத்தீயின் புகை மட்டும் இல்லை, மனிதன் தோண்டி எரித்தது என்று அந்த மரங்களே எழுதி வைத்திருந்தன.

வாயுவுக்கும் வெப்பத்துக்கும் உள்ள தொடர்பு அதைவிடப் பழைய செய்தி. 1856இல் அமெரிக்காவில் யூனிஸ் ஃபுட் என்ற பெண்மணி, கண்ணாடிக் குழாய்களில் வெவ்வேறு வாயுக்களை அடைத்து வெயிலில் வைத்து, கரியமில வாயு நிறைந்த குழாய்தான் அதிகம் சூடாகிறது, ஆறவும் நேரமெடுக்கிறது என்று கண்டார். 1859இல் ஜான் டிண்டால் அதன் காரணத்தை அளந்து காட்டினார். 1896இல் ஸ்வீடனில் ஸ்வாந்தே அரேனியஸ், காற்றில் இந்த வாயு இரட்டித்தால் பூமி எத்தனை டிகிரி சூடாகும் என்று கையாலேயே கணக்குப் போட்டார். 1938இல் கை கேலண்டர் என்ற ஆங்கிலேயர் உலகெங்குமுள்ள வானிலை நிலையங்களின் பதிவுகளைத் திரட்டி, பூமி ஏற்கெனவே சூடாகத் தொடங்கிவிட்டது என்றார். கேலண்டர் ஒரு நீராவிப் பொறியாளர். உடன்குடி ரயிலின் கடைசி ஆண்டுகளில், அந்த ரயிலை ஓட்டிய அதே நீராவியை நன்கு அறிந்த ஒருவர் இதைச் சொன்னார். அப்போது அதிகம் பேர் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

தொழிற்புரட்சிக்கு முன் காற்றின் பத்து லட்சம் பங்கில் 280 பங்கு கரியமில வாயு இருந்தது. 1958இல் ஹவாய்த் தீவின் மலை உச்சியில் சார்லஸ் கீலிங் அளக்கத் தொடங்கியபோது 315. இப்போது 420ஐத் தாண்டிவிட்டது.

இனி 2007க்கு வருவோம். அந்த ஆண்டுகளை நினைவு வைத்திருப்பவர்களுக்கு மின்வெட்டும் நினைவிருக்கும். தமிழ்நாட்டில் தேவை ஏறிக்கொண்டே போனது, உற்பத்தி எட்டவில்லை. 2012 வாக்கில் மாவட்டங்களில் நாளுக்குப் பத்துப் பன்னிரண்டு மணி நேரம்கூட மின்சாரம் இல்லாத நிலை வந்தது. சிறு பட்டறைகள் மூடின. தேர்வுக்குப் படிக்கும் பிள்ளைகள் தெருவில் வந்து உட்கார்ந்தார்கள். இந்தப் பற்றாக்குறை தொடங்கிய 2007இல்தான் உடன்குடியில் தலா 800 மெகாவாட்டில் இரண்டு அலகுகள் என்று அறிவிப்பு வந்தது. மின்வாரியமும் பெல் நிறுவனமும் சேர்ந்து 2008இல் ஒரு கூட்டு நிறுவனத்தைத் தொடங்கின. 2009இல் முதல்வர் கருணாநிதி அடிக்கல் நாட்டினார்.

அதே 2008ஆம் ஆண்டு ஜூன் மாதம், பிரதமர் மன்மோகன் சிங் பருவநிலை மாற்றத்துக்கான தேசியச் செயல்திட்டத்தை வெளியிட்டார். சூரிய மின்சாரத்துக்கென்று தனி இயக்கம் அதில்தான் பிறந்தது. டெல்லியில் ஒரு கோப்பும் சென்னையில் ஒரு கோப்பும் ஒரே ஆண்டில் எதிரெதிர்த் திசையில் நகர்ந்தன.

2011இல் ஆட்சி மாறியது. 2012இல் கூட்டு ஏற்பாடு கைவிடப்பட்டது. மின்வாரியமே தனியாக இரண்டு 660 மெகாவாட் அலகுகளைக் கட்டும் என்று ஜெயலலிதா அறிவித்தார். ஒப்பந்தப்புள்ளி கோரினார்கள். 2015இல் அது ரத்தானது. வழக்கு நடந்தது. மறுபடி ஒப்பந்தப்புள்ளி. கடைசியில் 2017 டிசம்பரில் 7,300 கோடி ரூபாய்க்கு மேற்பட்ட ஒப்பந்தம் பெல் நிறுவனத்துக்கே போனது. அறிவிப்புக்கும் ஒப்பந்தத்துக்கும் இடையே பத்து ஆண்டுகள்.

இந்தப் பத்து ஆண்டுகளை வீணான காலம் என்றுதான் பெரும்பாலோர் எழுதுகிறார்கள். என் பார்வை வேறு. இந்தத் தாமதம் நமக்குக் கிடைத்த ஓர் அரிய வாய்ப்பு. ஏனென்றால் அந்தக் காலத்தில் சூரிய மின்சாரத்தின் விலை இங்கே யாரும் எதிர்பாராத அளவுக்குச் சரிந்தது. 2010இல் தேசிய சூரிய இயக்கத்தின் முதல் ஏலத்தில் ஒரு யூனிட் பத்து ரூபாய்க்கு மேல். 2016இல் உடன்குடியிலிருந்து வடக்கே, இராமநாதபுரம் மாவட்டம் கமுதியில் 648 மெகாவாட் சூரிய மின்நிலையம் இயங்கத் தொடங்கியது. அன்றைக்கு உலகின் மிகப் பெரியவற்றில் ஒன்று. 2017இல் தமிழ்நாட்டு மின்வாரியமே நடத்திய ஏலத்தில் யூனிட் ரூ. 3.47க்கு வந்தது. அதே ஆண்டு டிசம்பரில்தான் நிலக்கரி ஒப்பந்தம் கையெழுத்தானது. சூரியன் இரவில் இல்லை, உண்மை. மாலை ஏழு மணிக்கு ஏறும் தேவைக்கு அன்று சேமக்கலன்கள் விலை அதிகம், அதுவும் உண்மை. ஆனாலும் பத்து ஆண்டுக்கு முந்தைய கணக்கை எடுத்து மேசைமேல் வைத்து, 'இது இன்னும் பொருந்துமா?' என்று ஒருமுறை வெளிப்படையாகக் கேட்டிருக்க வேண்டும். இடையில் 2015 டிசம்பரில் பாரிஸ் உடன்பாடு கூட முடிந்திருந்தது. பூமியின் வெப்ப உயர்வை 2 டிகிரிக்கு வெகு கீழே நிறுத்துவது, 1.5 டிகிரியில் நிறுத்த முயல்வது என்று இந்தியாவும் கையெழுத்திட்டிருந்தது.

காற்றையும் இங்கே சொல்ல வேண்டும். நாட்டின் முதல் காற்றாலைப் பண்ணைகளில் ஒன்று 1986இல் தூத்துக்குடிக்குப் பக்கத்தில் முள்ளக்காட்டில் நிறுவப்பட்டது. பிறகு ஆரல்வாய்மொழி, முப்பந்தல், கயத்தாறு என்று பரவியது. தமிழ்நாட்டின் காற்றாலைத் திறன் 10,000 மெகாவாட்டைத் தாண்டியது. வைகாசியில் தொடங்கி ஆடி, ஆவணி வரை கணவாய் வழியாக வரும் காற்று தேரி மணலை அள்ளி இறைப்பதை இந்த ஊர்க்காரர்கள் காலங்காலமாகப் பார்த்திருக்கிறார்கள். அந்தக் காற்றிலிருந்து கிடைத்த மின்சாரத்தை எடுத்துச் செல்லப் போதிய கம்பித்தடம் இல்லாமல், காற்று வீசும்போதே காற்றாலைகளை நிறுத்தச் சொன்ன காலமும் இருந்தது. மின்பற்றாக்குறைக்கு நிலக்கரிதான் ஒரே வழி என்று சொன்ன நாட்களும் ஏறத்தாழ அதே நாட்கள்தாம்.

அனல்மின் நிலையத்துக்கு உடன்குடிக்குக் கிழக்கே கடலோரத்தில் கல்லாமொழியில் இடம் எடுத்தார்கள். நிலக்கரி கப்பலில் வர வேண்டும். கரையோரத்தில் ஆழம் போதாது. ஆகவே கடலுக்குள் ஏழெட்டுக் கிலோமீட்டர் நீளும் பாலமும், அதன்மேல் நிலக்கரியைக் கொண்டுவரும் பட்டையும் திட்டமிடப்பட்டன. கல்லாமொழி மீனவர்களுக்கும் அக்கம்பக்கத்துக் கடற்கரை ஊர்களுக்கும் அது வலை விரிக்கும் இடத்தின் குறுக்கே எழும்பிய சுவர். நீரோட்டம் மாறும், கரை அரிக்கும், மீன் விலகும் என்று கரையிலும் கடலிலும் போராடினார்கள். நாட்டுப்படகில் போகிறவருக்கு ஒரு பாலத்தைச் சுற்றிப் போவது என்றால் டீசல் கூடும், நேரம் போகும். இந்தப் போராட்டத்தில் பருவநிலை என்ற பேச்சு அதிகம் எழவில்லை. அவர்களுக்கு முன்னால் நின்றது அன்றன்றைய பாடு.

அந்த நிலையத்திலிருந்து எவ்வளவு புகை வரும்? கணக்கு கடினமானது அல்ல. 1,320 மெகாவாட் திறன் ஆண்டில் எழுபது சதவீதம் ஓடினால் சுமார் 800 கோடி யூனிட். உயர் அழுத்தக் கொதிகலன் பழையதைவிடச் சிக்கனமானது. அப்படியும் ஒரு யூனிட்டுக்கு 850 முதல் 900 கிராம் வரை கரியமில வாயு வெளியேறும். ஆண்டுக்கு 70 லட்சம் டன்னுக்குப் பக்கத்தில் வருகிறது. அனல்மின் நிலையத்தின் ஆயுள் நாற்பது ஆண்டு என்று வைத்துக்கொண்டால் 28 கோடி டன். உலகம் ஆண்டுக்கு வெளியிடும் 3,700 கோடி டன்னோடு ஒப்பிட்டால் ஓர் ஆண்டுக் கணக்கு சிறு துளி. இந்தியர் ஒருவரின் சராசரிப் பங்கு ஆண்டுக்கு இரண்டு டன் அளவுதான். அமெரிக்கர் ஒருவருடையது அதைப்போல் ஆறேழு மடங்கு. நூறு ஆண்டுகளாக எரித்தவர்கள் முதலில் நிறுத்த வேண்டும் என்று இந்தியா ரியோவில் 1992இலும் கியோட்டோவில் 1997இலும் வாதாடியது நியாயமான வாதம். இன்றும் அது நியாயம்தான். ஆனால் அந்த நியாயம் கடலின் சூட்டை ஒரு டிகிரிகூடக் குறைக்காது. விளைவு நம் வீட்டு வாசலில் வந்து விழும்போது, யார் மேல் குற்றம் என்று பார்த்து அது விழுவதில்லை.

விழுந்த நாள் எல்லோருக்கும் தெரியும்.

2023 டிசம்பர் 17, ஞாயிற்றுக்கிழமை. குமரிக்கடல் பகுதியில் நிலைகொண்ட மேலடுக்குச் சுழற்சி. சனிக்கிழமை இரவே மழை பிடித்துவிட்டது. ஞாயிறு முழுக்க விடவில்லை. திங்கள் காலை 8.30க்கு அளந்தபோது காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் 95 செ.மீ. திருச்செந்தூரில் 69, ஸ்ரீவைகுண்டத்தில் 62, சாத்தான்குளத்தில் 47. தூத்துக்குடி மாவட்டத்தின் ஓர் ஆண்டுச் சராசரி மழையே 65 செ.மீ. அளவுதான். காயல்பட்டினத்தில் ஓராண்டு மழைக்கும் மேலாக ஒரே நாளில் கொட்டியது. மானாவாரி என்றும் வறட்சி என்றும் நாம் எழுதிப் பழகிய சீமை இது.

தாமிரபரணியில் வெள்ளம் புதிதல்ல. 1992 நவம்பர் வெள்ளத்தை அம்பாசமுத்திரத்துக்காரர்கள் இன்னும் மறக்கவில்லை. ஆனால் அது மலையில் பெய்து ஆற்றில் வந்த வெள்ளம். 2023இல் மலையிலும் பெய்தது, சமவெளியிலும் பெய்தது, கடலோரத்திலும் பெய்தது. ஆறு கடலில் சேர இடமில்லாமல் குளங்கள் உடைந்தன. கோரம்பள்ளம் குளத்து வெள்ளம் தூத்துக்குடி நகருக்குள் புகுந்தது. ஏரலில் கடைவீதி முழுகியது. திருச்செந்தூரிலிருந்து சென்னைக்குப் புறப்பட்ட ரயில் ஸ்ரீவைகுண்டத்தில் நின்றது. தண்டவாளத்தின் அடியிலிருந்த மண்ணை வெள்ளம் அரித்துவிட்டதால் தண்டவாளம் அந்தரத்தில் தொங்கியது. நூற்றுக்கணக்கான பயணிகள் நிலையத்திலேயே சிக்கிக்கொண்டார்கள். பக்கத்து ஊர் மக்கள் தங்கள் வீட்டு அரிசியைக் கொண்டுவந்து கோயிலில் பொங்கிப் போட்டார்கள். அவர்கள் வீட்டுக்குள்ளும் அன்று தண்ணீர்தான்.

இந்த ஒரு மழையைக் காட்டி, 'இதோ நிலக்கரியின் வேலை' என்று கைநீட்டுவது அறிவியல் ஆகாது. ஆனால் மழைக்குப் பின்னாலிருக்கும் இயற்பியல் சந்தேகத்துக்கு இடமில்லாதது. காற்று ஒரு டிகிரி சூடானால் ஏழு சதவீதம் கூடுதல் நீராவியைச் சுமக்கும். 1951க்கும் 2015க்கும் இடையே வெப்பமண்டல இந்தியப் பெருங்கடலின் மேற்பரப்பு ஒரு டிகிரி சூடாகிவிட்டது என்று மத்தியப் புவி அறிவியல் அமைச்சகம் 2020இல் வெளியிட்ட மதிப்பீடு சொல்கிறது. சூடான கடல் அதிகம் ஆவியாகிறது, சூடான காற்று அதிகம் சுமக்கிறது, சுழற்சி ஓரிடத்தில் நின்றுவிட்டால் சுமந்ததையெல்லாம் அங்கேயே கொட்டுகிறது. குளத்துக் கரைகளையும் பாலத்து மதகுகளையும் கட்டியவர்கள் கையில் வைத்திருந்த மழைக் கணக்கு பழைய கடலுடையது. அணையையும் கலுங்கையும் கட்டிய 1870களின் பொறியாளர் மட்டுமல்ல, 1990களின் பொறியாளரும் அந்தப் பழைய கணக்கைத்தான் வைத்திருந்தார்.

மழை கூடினால் உடன்குடிக்கு நல்லதுதானே என்று கேட்கலாம். அங்கேதான் இந்த ஊரின் சிக்கல் இருக்கிறது. உடன்குடி தாமிரபரணிப் பாசனத்தின் கடைக்கோடிக்கும் அப்பால் கிடக்கிறது. ஆற்றுக் கால்வாய்கள் நிரம்பி, உபரி வந்தால்தான் சடையனேரிக் கால்வாய் வழியாக இந்தப் பக்கத்துக் குளங்களுக்குத் தண்ணீர் எட்டிப்பார்க்கும். மற்ற நாட்களில் நிலத்தடி நீர்தான் கதி. கடலோரக் கிணறுகளில் இனிப்புத் தண்ணீர் உப்புத் தண்ணீரின்மேல் மிதந்துகொண்டிருக்கிறது. மேலே இருப்பதை இறைக்க இறைக்க அடியில் இருப்பது ஏறும். உடன்குடியின் இன்னொரு பெயர்பெற்ற விளைபொருளான வெற்றிலை உப்பைத் தாங்காது. ஒரே நாளில் ஓராண்டு மழை பெய்து கடலுக்கு ஓடிவிட்டால் கிணற்றுக்குள் இறங்குவது கொஞ்சம்தான். கடல்மட்டம் ஏறும்போது உப்பு அடியிலிருந்தும் நெருக்கும்.

தேரி இதில் ஒரு விதிவிலக்கு. குதிரைமொழித் தேரியின் செம்மணல் மழையை அப்படியே குடித்துவைக்கும். மேலப்புதுக்குடியில் அருஞ்சுனை காத்த அய்யனார் கோயிலருகே மணற்காட்டு நடுவில் நீர் நிற்பதைப் பார்த்தவர்களுக்கு அது புரியும். இந்தத் தேரிகளே பழைய பருவநிலை மாற்றத்தின் சாட்சி. பனியுகத்தின் உச்சியில், சுமார் இருபதாயிரம் ஆண்டுகளுக்கு முன், கடல் இன்றைவிட 120 மீட்டர் தாழ்ந்திருந்தது. அந்தக் காலத்தையொட்டிய நீண்ட கால அளவில் காற்று சேர்த்த மணல் இவை. தேரிகளில் கிடைத்த நுண்கற்கருவிகளை ஃபிரெடரிக் சாய்னரும் பிரிட்ஜெட் ஆல்சினும் 1956இல் ஆராய்ந்து எழுதினார்கள். அன்று இங்கே வேட்டையாடியவர்கள் கடலோடு நகர்ந்தார்கள். அவர்களுக்கு ஆயிரக்கணக்கான ஆண்டுகள் அவகாசம் இருந்தது. பட்டாவும் கடனும் இல்லை.

கடலுக்குள் நடப்பதற்கும் ஒரு சான்று சொல்லிவிடுகிறேன். தூத்துக்குடிக்கு நேர் எதிரே வான்தீவு. 1980களில் பதினைந்து, இருபது ஹெக்டேர் இருந்த தீவு 2015 வாக்கில் இரண்டு ஹெக்டேர் அளவுக்குத் தேய்ந்துவிட்டது. பவளப்பாறைகளை வெட்டிச் சுண்ணாம்புக்கு விற்ற காலத்தில் தீவின் அரண் போயிற்று. பிறகு 2010, 2016 கோடைகளில் கடல்நீர் சூடேறிப் பவளங்கள் வெளிறின. தூத்துக்குடியின் சுகந்தி தேவதாசன் கடல் ஆய்வு நிறுவனத்தார் தீவைச் சுற்றிக் கான்கிரீட் செயற்கைப் பாறைகளை இறக்கினார்கள். அலையின் வேகம் தணிந்து மணல் திரும்பச் சேர்ந்தது. இந்த மாவட்டத்தில் தோற்றுக்கொண்டிருந்த ஓரிடத்தை மனிதர் முயன்று மீட்டதற்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு எனக்குத் தெரியவில்லை.

இப்போது முயற்சிகள். 2021இல் கிளாஸ்கோ மாநாட்டில் இந்தியா 2070க்குள் நிகர வெளியேற்றத்தைச் சுழியமாக்குவதாக அறிவித்தது. 2022இல் தமிழ்நாடு தன் பருவநிலை மாற்ற இயக்கத்தைத் தொடங்கியது. 2025இல் நாட்டின் மின்னுற்பத்தித் திறனில் பாதி புதைபடிவ எரிபொருள் அல்லாத வழிகளுக்கு வந்துவிட்டது. பாரிஸ் உடன்பாட்டின் கீழ் ஏற்றுக்கொண்ட தவணைக்கு ஐந்து ஆண்டு முன்னதாக. இது பெருமைப்பட வேண்டிய செய்தி. ஆனால் திறன் வேறு, உற்பத்தி வேறு. உண்மையில் ஓடும் மின்சாரத்தில் நான்கில் மூன்று பங்குக்குப் பக்கத்தில் இன்னும் நிலக்கரிதான் தருகிறது. இடைவெளியை நிரப்ப வேண்டியவை சேமக்கலன்களும், நீரேற்று மின்நிலையங்களும், காற்றையும் வெயிலையும் வீணாக்காமல் கொண்டுபோகும் கம்பித்தடங்களும்.

பனைக்கும் கொஞ்சம் நடந்திருக்கிறது. 2021ஆம் ஆண்டின் முதல் வேளாண் நிதிநிலை அறிக்கையில் 76 லட்சம் பனை விதைகள் விநியோகிக்கப்படும் என்றும், பனையை வெட்ட மாவட்ட ஆட்சியரின் அனுமதி வேண்டும் என்றும் அறிவித்தார்கள். செங்கல் சூளைக்குப் போய்க்கொண்டிருந்த மரத்துக்கு அது ஒரு காவல். விதை ஊன்றுவது எளிது. பாளை விட பதினைந்து, இருபது ஆண்டு ஆகும், அப்போது ஏற ஆள் வேண்டும். ஏறுகிறவருக்கு விபத்துக் காப்பீடும், கருப்பட்டிக்குக் கலப்படமில்லாத சந்தையும், விடிலிக்குப் புகையில்லாத அடுப்பும் கிடைத்தால்தான் அந்த விதைகளுக்குப் பொருள் உண்டு.

கல்லாமொழியில் முதல் கட்டத்தைப் பற்றி இனி வாதாடிப் பயனில்லை. வாதாட வேண்டியது வேறு. அதே இடத்தில் இன்னும் இரண்டு கட்டங்கள், ஒவ்வொன்றிலும் இரண்டு 660 மெகாவாட் அலகுகள் என்று பழைய திட்டம் இருக்கிறது. அந்தக் கோப்பு மறுபடி திறக்கப்படும் நாளில் 2007இன் மின்தேவைக் கணக்கோ பழைய நிலக்கரி விலையோ போதாது. அன்றைய சூரிய மின்சார விலை, சேமக்கலன் விலை, 2023 டிசம்பரின் மழைப் பதிவேடு ஆகிய மூன்றையும் மேசைமேல் வைத்து, கல்லாமொழி மீனவரையும் உடன்குடிப் பனையேறியையும் எதிரில் உட்காரவைத்துப் பேச வேண்டும். முதல் கட்டத்தில் பத்து ஆண்டு கிடைத்தும் அது நடக்கவில்லை.

அடுத்த இதழில் வெள்ளத்தைத் தேரிக்குக் கொண்டுபோகும் முயற்சி: 2009இல் தொடங்கிய தாமிரபரணி–கருமேனியாறு–நம்பியாறு இணைப்புக் கால்வாயின் கதை.

(தொடரும்)